கற்றல் திருட்டு

பொறியியல், வடிவமைப்புப் புலத்தின் மாணவர்களுக்கு அந்தப் பருவத்தின் முதல் நாளன்றே விடுதலை கிடைத்தது. விடுதலையைப் பெற்றுக்கொள்ள எல்லாரும் காலையிலேயே பெரிய அரங்கத்துக்கு வந்துவிட வேண்டும், வராதவர்களுக்கு வருகைப்பதிவு கிடையாது என்று முந்தின நாளே அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டார்கள். அதனால் கூட்டத்துக்குக் குறைவில்லை.

துணைவேந்தர் முதலில் பேசினார். "மாணவச் செல்வங்களே, இன்றுமுதல் உங்களுக்கு இங்கே யாரும் எதையும் சொல்லித்தர மாட்டார்கள். உங்கள் கற்றலுக்கு நீங்களே பொறுப்பு. இந்த நிலையை அடைய நாங்கள் பல ஆண்டுகள் பாடுபட்டிருக்கிறோம். இடையில் ஒருசில பேராசிரியர்கள் பழக்கதோஷத்தால் பாடம் நடத்திவிட்டார்கள். அதற்காகப் புலத்தின் சார்பில் வருத்தம் தெரிவித்துக்கொள்கிறேன்." முன்வரிசையில் இருந்த பேராசிரியர்கள் தலை குனிந்துகொண்டார்கள்.

அடுத்து, புதிதாகத் திறக்கப்பட்ட தன்பொறுப்புக் கற்றல் மையத்தின் இயக்குநர் எழுந்தார். இத்தனை காலமும் தேர்வு அறைகளில் காப்பி அடிப்பவர்களைப் பிடிக்கும் வேலையில் இருந்தவர். மாணவர்களின் சுதந்திரத்தைக் கவனித்துக்கொள்ள அவரைவிடத் தகுதியான ஆள் கிடைக்கவில்லை. "நான் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்," என்று தொடங்கினார். "யார் சொல்வதையும் அப்படியே எழுதிக்கொள்ளாதீர்கள்." அரங்கம் முழுவதும் பேனாக்கள் ஓடின. பிறகு உறுதிமொழி. என் கற்றலை நானே நடத்துவேன், இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை என்று அவர் ஒவ்வொரு சொல்லாகச் சொல்ல, மாணவர்கள் ஒவ்வொரு சொல்லாகத் திருப்பிச் சொன்னார்கள். குரல் போதவில்லை என்று மறுபடியும் சொல்லவைத்தார்.

புதிய விதிகளையும் அவரே விளக்கினார். பேராசிரியர்கள் இனிமேல் பேராசிரியர்கள் அல்ல, உடன்பயணிகள். மாணவரிடம் அவர்கள் பேசும் எந்த வாக்கியமும் கேள்வியாகவே முடிய வேண்டும். ஒரு மாணவர் கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டால், அவர் தானே கண்டுபிடித்திருக்கக்கூடிய ஒன்றை அவரிடமிருந்து பறித்துக்கொண்டதாக ஆகும். அந்தக் குற்றத்துக்குக் கற்றல் திருட்டு என்று பெயர். மேடையுரைகளும் அறிவிப்புகளும் இதில் சேராது. திருட்டில் பிடிபடும் உடன்பயணிக்குப் பதவி உயர்வு கிடையாது.

கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த ஓர் இரண்டாம் ஆண்டு இயந்திரவியல் மாணவிக்கு இதையெல்லாம் கேட்கக் கேட்க உள்ளூரச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆள் சிறியவள் என்பதால் வீட்டில் அவளைப் பொடிசு என்பார்கள்; வகுப்பிலும் அதுவே ஒட்டிக்கொண்டது. பொடிசுக்கு அவசரமாகக் கற்றுக்கொள்ள வேண்டிய விஷயம் ஒன்று இருந்தது.

அவள் அம்மா ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக் கூடத்தில் வேலை பார்த்தாள். ஈரத் துணி மலைபோல் ஏற்றிய தள்ளுவண்டியை, துவைக்கும் இடத்திலிருந்து காயவைக்கும் இடம் வரை நீண்ட நடைவழியில் தள்ளிக்கொண்டு போக வேண்டும். அம்மாவுக்கு வாய்த்த வண்டியின் முன்சக்கரம் ஒன்றின் அச்சு தேய்ந்துபோய், வண்டி ஓயாமல் இடதுபக்கச் சுவரைத் தேடிக்கொண்டு போகும். அதை இழுத்துப்பிடித்து அம்மாவுக்குத் தோள் போயிற்று. புதிதாக வந்த மேற்பார்வையாளனுக்குச் சக்கரம் கண்ணில் படவில்லை, அம்மா மெதுவாக வருவது மட்டும் பட்டது. மாதக் கடைசியில் ஒவ்வொருவரும் நிறைவண்டியைத் தள்ளிக் காட்ட வேண்டும், முடியாதவர்கள் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டான். வண்டியைப் பற்றிப் புகார் போயிருக்கிறது, ஆவன செய்வார்கள் என்றும் சொன்னான். அம்மா சும்மா இருந்திருக்கலாம். "என் பொண்ணு எஞ்சினியருக்குப் படிக்கிறா. அந்த அச்ச அவளே செஞ்சு மாட்டிடுவா," என்று கூடத்தில் எல்லார் காதிலும் விழும்படி சொல்லிவிட்டாள். அவன் பார்க்கலாம் என்றான்.

பொடிசுக்கு அச்சின் மீது விழும் பாரத்தைக் கணக்குப் போடத் தெரியும். அதன் படத்தை மூன்று பக்கத்திலிருந்தும் வரையத் தெரியும். இரும்புத் தண்டைச் சுழலவிட்டுக் கடையும் லேத் இயந்திரத்தைக்கூடப் போன வருடம் அழகாக வரைந்து, நிழலடித்து, நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தாள். தொட்டதுதான் இல்லை. இனிமேல் நமக்கு வேண்டியதை நாமே கற்கலாம் என்றால் இதைவிட வேறென்ன வேண்டும் என்று நினைத்தாள், பாவம்.

முதலில் ஒவ்வொருவரும் தங்கள் சொந்த இலக்கை எழுதி, அதற்கு ஓர் உடன்பயணியின் ஒப்புதலைப் பெற வேண்டியிருந்தது. பொடிசு, லேத்தில் ஒரு சக்கர அச்சு கடையக் கற்றுக்கொள்வது என்று எழுதினாள். அவளுக்கு வாய்த்த உடன்பயணி வேலை இன்னும் நிரந்தரமாகாத ஓர் இளைஞர். தாளை வாங்கிப் படித்தவருக்கு வியர்த்துவிட்டது.

"இது முடிஞ்சிடும்போல இருக்கே?" என்றார்.

"ஆமா சார். மாசக் கடைசிக்குள்ள முடியணும்."

கற்றல் என்பது வாழ்நாள் முழுவதும் நடப்பது, ஆகவே முடிந்துவிடக்கூடிய இலக்குகளை மையம் ஏற்பதில்லை. இதை அவரால் நேரடியாகச் சொல்ல முடியாது. எனவே அச்சு என்றால் என்ன, சக்கரம் எதற்காக உருள்கிறது, நீ ஏன் உருளவில்லை என்றெல்லாம் மதியம்வரை கேட்டுக்கொண்டே இருந்தார். பொடிசுக்குப் பசி வந்துவிட்டது. கடைசியில் அவளுடைய சொந்த இலக்கு, சக்கரம் என்னும் கருத்தோடு எனக்குள்ள உறவை வாழ்நாளெல்லாம் ஆராய்தல் என்று அமைந்தது. அதை அவள் கைப்படவே எழுதவைத்து, இது உன் சொந்த முடிவுதானே என்றும் கேட்டுக்கொண்டார்.

அன்றைக்கு வடிவமைப்புத் துறை மாணவன் ஒருவன், என்ன கற்பது என்று எனக்குத் தெரியாது என ஒரே வரி எழுதிக் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டான். அதைப் படித்த இயக்குநருக்குக் கண் கலங்கிவிட்டதாம். இத்தனை நேர்மையான தாளைத் தம் வாழ்நாளில் பார்த்ததில்லை என்றார். அவனுக்கு 'தெரியாது' என்றே பெயர் விழுந்தது. அதற்குப் பிறகு எந்த விழாவானாலும் தெரியாதுவை மேடையேற்றினார்கள். அவனும் மைக்கைப் பிடித்து, எனக்கு இன்னும் தெரியவில்லை என்பான், கைதட்டல் கூரையைப் பிளக்கும். போகப்போக அதைச் சொல்வதற்கு முன் ஒரு நொடி மேலே பார்க்கவும் பழகிக்கொண்டான்.

நாளாக ஆக விடுதலை முற்றியது. கட்டடங்களில் இருந்த வழிகாட்டிப் பலகைகளைக் கழற்றினார்கள். நூலகத்தில் புத்தகங்கள் எல்லாம் பிறருடைய கற்றல் என்பதால் அலமாரிகளைப் பூட்டி, வெறும் நாற்காலிகளை மட்டும் திறந்துவைத்தார்கள். முதலாண்டுப் பையன் ஒருவன் கழிப்பறை எங்கே இருக்கிறது என்று ஒவ்வோர் உடன்பயணியாகக் கேட்டிருக்கிறான். எங்கே இருக்கும் என்று உனக்குத் தோன்றுகிறது, இருக்கிறது என்று எதை வைத்து நம்புகிறாய் என்று கேட்டுக் கேட்டு அவனை மொட்டைமாடிவரை கொண்டுபோய் விட்டுவிட்டார்கள். பிறகு அவன் வீட்டிலேயே எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு வரலானான். அவன் தன் தேவைகளைத் தானே திட்டமிடத் தொடங்கிவிட்டதாக மையத்தின் செய்திமடலில் வந்தது.

தினமும் சாயங்காலம் அம்மா, இன்றைக்கு என்ன சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்பாள். கேள்வி கேட்டார்கள் என்பாள் பொடிசு.

"பதில் சொன்னியா?"

"அவங்க பதிலுக்குக் காத்திருக்க மாட்டாங்கம்மா. அடுத்த கேள்வி கேட்டுடுவாங்க."

அம்மா தோளுக்குத் தைலம் தேய்த்துக்கொள்வாள். பொடிசு மாதக் கடைசிக்கு இன்னும் எத்தனை நாள் என்று எண்ணிப் பார்ப்பாள்.

பட்டறைக்குப் பொறுப்பாளர் ஒரு மூத்த பேராசிரியர். மாணவர்கள் அவரை ரேடியோ என்பார்கள்; வாயை மூடத் தெரியாதவர். வீட்டில் குக்கர் விசிலடித்தால்கூட நீராவியின் அழுத்தத்தைப் பற்றித் தொடங்கிவிடுவார் என்றும், அதனால் அவர் மனைவி அவரைச் சமையலறைக்குள் விடுவதில்லை என்றும் பேச்சு. அப்பேர்ப்பட்ட மனிதரை, கேள்வி மட்டும்தான் கேட்கலாம் என்று உட்காரவைத்துவிட்டார்கள். கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய்விட்டது. டாக்டர்கள் சோதித்துப் பார்த்துவிட்டு உடம்பில் ஒன்றுமில்லை, எதையோ அடக்கிவைத்திருக்கிறார் என்று சொல்லி அனுப்பினார்கள்.

பொடிசு பட்டறைக்குப் போன அன்று வாசலில் மையத்தின் கண்காணிப்பாளர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவள் ஓர் இரும்புத் தண்டை எடுத்து, லேத்தின் சுழலும் வாயில் செருகி, அதற்குரிய சாவியால் முறுக்கி இறுக்கினாள். சாவியை அங்கேயே விட்டுவிட்டு சுவிட்சைப் போடக் கையை நீட்டினாள். லேத் தெரிந்த எவருக்கும் அதைப் பார்த்தால் ஈரக்குலை நடுங்கும். சுழலத் தொடங்கிய மறுகணம் அந்தச் சாவி தெறித்து வந்து முகத்தைப் பெயர்த்துவிடும்.

ரேடியோவின் வாய் திறந்தது. கண்காணிப்பாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஏம்மா," என்றார் ரேடியோ, "அந்தச் சாவி அங்க இருக்கறதப் பத்தி நீ என்ன நினைக்கிற?"

பொடிசு யோசித்தாள். "நல்லாத்தான் இருக்கு சார்."

"நல்லா இருக்குன்னா, யாருக்கு?"

"எனக்குத்தான் சார்."

"சுவிட்சப் போட்டா அது எங்க போகும்னு எப்பவாவது நினைச்சுப் பாத்திருக்கியா?"

"எங்க சார் போகும்?"

அங்கே அவருக்கு வழி அடைபட்டுவிட்டது.  ஓடிப்போய்ச் சுவரிலிருந்த பெரிய மின்விசையைப் பிடித்துக் கீழே இழுத்தார். பட்டறை இருண்டது. எதிர்க் கட்டடத்தில் லிஃப்ட் நடுவழியில் நின்று, உள்ளே மாட்டிக்கொண்டவர்களிடம் வெளியே இருந்த உடன்பயணிகள் உள்ளே இருப்பது எப்படி இருக்கிறது என்று கேட்கத் தொடங்கினார்கள். இருட்டில் ரேடியோவின் குரல் கேட்டது. "கரண்ட் ஏன் போச்சுன்னு நினைக்கிற?"

பொடிசு அழுதுவிட்டாள். அவளுக்கு லேத்தின் மீதும் கோபமில்லை, அவர் மீதும் கோபமில்லை. அம்மா எல்லார் முன்னாலும் சொன்ன சொல் பொய்யாகப் போகிறதே என்றுதான் இருந்தது. எதற்கு இந்தத் தண்டு, யாருக்கு என்று ரேடியோ கேட்டார். அது கேள்விதான் என்பதால் கண்காணிப்பாளர் தடுக்கவில்லை. அவள் சலவைக் கூடத்தைப் பற்றியும், இடதுபக்கம் இழுக்கும் வண்டியைப் பற்றியும் சொன்னாள். ரேடியோ மூக்கைச் சிந்திக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அந்த வாரம் மையம் இன்னொரு திட்டத்தைக் கொண்டுவந்தது. அதன் பெயர் ஆழ்சிந்தனை நேரம். மாணவர்கள் மட்டுமின்றி உடன்பயணிகளும் தினமும் தங்கள் சொந்தக் கற்றலைப் பற்றித் தங்களோடு தாங்களே வாய்விட்டுப் பேச வேண்டும். நடைகளில் நெடுகக் கண்ணாடிகள் மாட்டப்பட்டன. காலை வேளையில் அந்தப் பக்கம் போனால் புலம் முழுவதும் கண்ணாடி முன் நின்று முனகிக்கொண்டிருக்கும். உதடு அசைகிறதா என்று கண்காணிப்பாளர்கள் பார்த்துக்கொண்டு வருவார்கள்.

ரேடியோ கண்ணாடிக்கு வரவில்லை. நான் சிந்திப்பது லேத்தைப் பற்றி, ஆகவே லேத்தின் முன்னால்தானே சிந்திக்க வேண்டும் என்று கேட்டு அனுமதி வாங்கிவிட்டார். மறுநாள் பட்டறையில் ஒரு லேத்தின் முன் நின்று, யாரையும் பார்க்காமல், வாரக்கணக்காக அடைத்துக்கிடந்த தொண்டையைச் செருமினார்.

"இப்ப நான் தண்ட மாட்டறேன். சாவியால இறுக்கறேன். இறுக்கினதும் முதல் வேலையா சாவியக் கழட்டி வைக்கறேன். கழட்டலன்னா அது பறந்து வந்து என் மூஞ்சியப் பேத்துடும். மறந்துடாதடா மடையா."

பக்கத்து லேத்தில் நின்றிருந்த பொடிசு சாவியைக் கழற்றி வைத்தாள். கண்காணிப்பாளர் நெகிழ்ந்துபோனார். தன்னைத் தானே மடையன் என்று திட்டிக்கொள்ளும் அளவுக்கு ஆழமாகச் சிந்தித்த பேராசிரியரை அவர் அதுவரை பார்த்ததில்லை.

அப்புறம் தினமும் அதே கதை. ரேடியோ தமக்குத் தாமே வெட்டும் கத்தியின் உயரம் சொல்லிக்கொள்வார், பொடிசு உயரத்தைச் சரிசெய்வாள். அவள் அவசரப்பட்டு ஆழமாக வெட்டினால் அவர் தம் தலையில் அடித்துக்கொண்டு, இவ்வளவு ஆசை கூடாதுடா, கொஞ்சம் கொஞ்சமாகச் சீவு என்று தம்மையே ஏசுவார். முதல் தண்டு ஒருபக்கம் தடித்தும் ஒருபக்கம் மெலிந்தும் வந்தது. அடுத்தது அளவுக்குமேல் சிறுத்துவிட்டது. "எத்தன தடவ சொல்றது உனக்கு, அளக்காம வெட்டாதன்னு," என்று அவர் வெறும் சுவரைப் பார்த்துக் கத்தியபோது பொடிசு மன்னிப்புக் கேட்கப் போய், சட்டென்று வாயை மூடிக்கொண்டாள். ரேடியோவின் கன்னம் தேறத் தொடங்கியது. வீட்டில் சாப்பாடு இறங்குவதாக அவர் மனைவி மகிழ்ந்தாராம்.

விஷயம் கசிந்துவிட்டது. ஓர் ஆள் தனியாகப் பேசுகிறாராம், கேட்டால் புரிகிறதாம் என்று பிள்ளைகள் வரத் தொடங்கினார்கள். கட்டடவியல்காரர்கள் வந்தார்கள், மின்னியல்காரர்கள் வந்தார்கள், வடிவமைப்புத் துறையிலிருந்து பெஞ்சுகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். எல்லாரும் அவர் பக்கம் பார்க்காமல் ஜன்னலையும் கூரையையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்து எழுதிக்கொண்டார்கள். "சார், நீங்க உங்களோட பேசறது பின்னாடி கேக்கல," என்றாள் ஒருத்தி. ரேடியோ தமக்குக் காது மந்தமாகிவிட்டதாக வருந்தி, தம்மிடமே உரக்கப் பேசினார்.

கடைசியில் கண்காணிப்பாளருக்கு உறைத்தது. பட்டறையில் வகுப்பு போன்ற ஏதோ ஒன்று நடப்பதாக மேலே சொல்லிவிட்டார். அன்றைக்குத்தான் பொடிசின் அச்சு முடிந்திருந்தது. பழைய அச்சைத் தேயாத இடத்தில் அவள் அளந்துவந்த அளவுக்கு மயிரிழை பிசகாமல், வழவழவென்று வந்திருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவளையும் ரேடியோவையும் இயக்குநர் தம் அறைக்கு வரவழைத்தார்.

நீங்கள் இந்தப் பெண்ணுக்குச் சொல்லிக்கொடுத்தீர்களா என்று அவர் கேட்டார். ரேடியோ, "நான் என்னோட பேசினேன். ஆழ்சிந்தனை கட்டாயம்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றார். அது கேள்வியாகவே முடிந்தது. பிறகு இயக்குநர், நீ ஏன் அங்கே நின்றாய் என்று பொடிசைக் கேட்டார். அவள், கேட்டது சார், காது திறந்துதானே இருக்கிறது என்றாள். இயக்குநர் நாற்காலியில் சாய்ந்தார். மதிப்பீட்டுக் குழு மாதக் கடைசியில் வருகிறது, காட்டுவதற்குத் தெரியாதுவைத் தவிர மையத்தில் வேறு ஒன்றுமில்லை என்ற கவலை அவருக்கு இருந்தது. மெல்ல அவர் முகம் மலர்ந்தது.

"இது நம்ம மையத்தோட கண்டுபிடிப்பு," என்றார். "இதுக்குப் பேரு ஒட்டுக்கேட்டல் முறை."

மறுநாளே ரேடியோ ஒட்டுக்கேட்டல் துறையின் தலைவராக்கப்பட்டு, மாடியில் ஓர் அறையில் உட்காரவைக்கப்பட்டார். குறித்த நேரத்தில் மைக்கின் முன் அவர் தம்மோடு பேச வேண்டும். கீழே அரங்கத்தில் மாணவர்கள் வரிசையாக உட்கார்ந்து, கேட்காததுபோல் கேட்க வேண்டும். முகம் திருப்பாமல் நேராகக் கேட்டவர்களுக்கு வருகைப்பதிவு மறுக்கப்பட்டது. லேத்தைப் பற்றி அடுத்த வருடம்தான் பேச வேண்டும் என்று பாடத்திட்டமும் தந்துவிட்டார்கள். பொடிசின் கையிலிருந்த அச்சை இயக்குநர் வாங்கித் துடைத்து, அரங்கத்து வாசலில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார். பெட்டியின் மேல், சக்கரத்தோடு என் உறவு என்று எழுதியிருந்தது.

அது அம்மாவின் வண்டிக்கு வேண்டும் என்று பொடிசு கெஞ்சினாள்.

"நல்லாப் புரிஞ்சுக்கம்மா," என்றார் இயக்குநர். "உன் கற்றல் உனக்கே சொந்தம். அத யாராலும் எடுத்துக்க முடியாது. பொருள் மட்டும்தான் பல்கலைக்கழகத்துக்குச் சொந்தம். கற்றல் இருக்கும்போது பொருள் எதுக்கு உனக்கு?"

இன்னொன்று செய்துகொள்ளலாம் என்று பட்டறைக்கு ஓடினாள். குழு வரும்போது அழுக்காக இருக்கக் கூடாது என்று பட்டறையைப் பூட்டிவிட்டிருந்தார்கள்.

குழு வந்த நாளும் சலவைக் கூடத்தில் வண்டி தள்ளிக் காட்ட வேண்டிய நாளும் ஒன்றாகவே வந்து தொலைத்தன. அம்மா காலையில் ஒன்றும் கேட்கவில்லை. மதியம் வந்துவிடுவாய்தானே என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

அரங்கத்தில் துணைவேந்தர் குழுவை வரவேற்றார். "எங்கள் மாணவர்கள் எங்களைச் சார்ந்து இல்லை. நாங்கள் இருக்கிறோமா என்பதே அவர்களில் பலருக்குத் தெரியாது. இந்தப் பெருமை எங்களையே சேரும்," என்றார். தெரியாது மேலே ஒரு நொடி பார்த்துவிட்டு, எனக்கு இன்னும் தெரியவில்லை என்றான். குழுவில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு எல்லாரும் கண்ணாடிப் பெட்டிக்கு வந்தார்கள். குழுத் தலைவி குனிந்து பார்த்து இது என்ன என்று கேட்க, இயக்குநர் பழக்கத்தில், நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்றார். அம்மையார் மேற்கொண்டு கேட்கவில்லை. ஆழமாக இருக்கிறது என்றார்.

பொடிசு கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.  "சார், அத நான் எடுத்துட்டுப் போகணும். மதியம் எங்கம்மாவுக்கு வண்டி தள்ளற சோதனை."

இயக்குநருக்கு முகம் கறுத்தது. முடியாது என்று சொல்ல வாயெடுத்தார். குழுத் தலைவி பேனாவும் கையுமாக அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். மாணவியிடம் பேசும் வாக்கியம் கேள்வியாக முடிய வேண்டும். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார்.

"அத எடுத்துட்டுப் போறது சரின்னு உனக்குத் தோணுதா?"

அந்தப் பருவம் தொடங்கியதிலிருந்து அங்கே ஆயிரக்கணக்கான கேள்விகள் கேட்கப்பட்டிருந்தன. ஒன்றுக்கும் பதில் சொல்லி அதன்படி யாரும் நடந்ததில்லை.

"தோணுது சார்," என்றாள் பொடிசு. பெட்டியின் மூடியைத் திறந்து அச்சை எடுத்தாள்.

துணைவேந்தர், எங்கேம்மா போகிறாய் என்றார். சலவைக் கூடத்துக்கு என்றாள். இளம் உடன்பயணி, யார் அனுமதித்தது என்று கேட்டார். யாரும் இல்லை சார் என்றாள். இயக்குநர் பின்னாலேயே வந்து, இதன் விளைவை யோசித்தாயா என்றார். யோசித்தேன், வண்டி நேராகப் போகும் என்றாள். வாசல் காவலாளிக்கும் மையம் பயிற்சி கொடுத்திருந்தது. அவர் கம்பை நீட்டி, வெளியே போவதைப் பற்றி என்ன நினைக்கிறாய் என்று கேட்டார். அவசரம் அண்ணா என்று சொல்லி, கம்புக்குக் கீழே குனிந்து போய்விட்டாள். ஆள் சிறியவள் என்பதில் அன்றைக்குத்தான் அவளுக்கு ஒரு லாபம் இருந்தது. பின்னால் குழுத் தலைவி கைதட்டும் சத்தம் கேட்டது. அவர் தட்டியதால் மற்றவர்களும் தட்டினார்கள். இயக்குநரும் தட்டினார்.

சலவைக் கூடத்தில் சோதனை தொடங்கியிருந்தது. பொடிசு வண்டியைச் சாய்த்து, நட்டைக் கழற்றி, தேய்ந்த அச்சை உருவிப் போட்டுவிட்டுத் தன்னுடையதைச் செருகினாள். சிக்கென்று உட்கார்ந்தது. ஈரத் துணியை விளிம்புவரை ஏற்றினார்கள். அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, பழக்கத்தில் இடதுபக்கத்தை இறுக்கிப் பிடித்துத் தள்ளினாள். வண்டி வலதுபக்கம் போயிற்று. மேற்பார்வையாளன் வாயைத் திறந்தான். அம்மா பிடியைத் தளர்த்தினாள். நடையின் அந்தக் கோடிவரை வண்டி ஒரு கேள்வியும் கேட்காமல் நேராகப் போனது. மற்ற பெண்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். மேற்பார்வையாளன் சக்கரத்தைக் குனிந்து பார்த்துவிட்டு, சரி என்றான். அம்மா திரும்பி வந்து, எல்லாரும் பார்க்க மகளின் தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டு, முகத்தைத் துணிக்குள் வைத்து அழுதாள். பொடிசுக்கும் அழுகை வந்தது. அத்தனை சந்தோஷமாக அவள் அதற்கு முன் அழுததில்லை.

மதிப்பீட்டுக் குழு புலத்துக்கு மிக உயர்ந்த தரத்தைக் கொடுத்தது. குறிப்பாக ஒரு மாணவி தன் கற்றலைத் தானே கையில் எடுத்துக்கொண்டு வெளியேறும்படி அமைத்திருந்த நிகழ்ச்சி சிறப்பாக இருந்ததாகவும், அதைப் பாடத்திட்டத்தில் சேர்த்துவிடலாம் என்றும் எழுதியிருந்தது. அடுத்த பருவத்திலிருந்து வெளிநடப்பு கட்டாயப் பாடமாயிற்று. ஒவ்வொரு மாணவரும் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, உள்ளிருக்கும் மர அச்சை எடுத்துக்கொண்டு வாசல்வரை நடந்து, திரும்பி வந்து அடுத்தவருக்காக அதை உள்ளே வைக்க வேண்டும். காவலாளி கம்பை உயர்த்திப் பிடிக்கப் பழகிக்கொண்டார்.

பொடிசு அந்தப் பாடத்தில் மூன்று முறை தேறவில்லை. ஒத்திகை பார்த்த இயக்குநருக்குச் சலிப்பாக இருந்தது.

"அன்னைக்கு உன் முகத்துல ஒரு இது இருந்துச்சும்மா. இப்ப அது எங்க போச்சு?"

"அன்னைக்கு அவசரம் சார்."

"அந்த அவசரத்த வரவழைக்க முடியாதா?"

அவள் முயன்று பார்த்தாள், வரவில்லை. தெரியாதுவைக் கூப்பிட்டார்கள். அவன் பெட்டியைத் திறந்து, மர அச்சை நெஞ்சோடு அணைத்து, ஒரு நொடி மேலே பார்த்துவிட்டு, கண்ணில் நீர் துளிர்க்க நடந்தான். பார்த்தவர்கள் உறைந்துவிட்டார்கள். ஆண்டு விழாவில் பொடிசாக அவனே நடப்பான் என்று முடிவாயிற்று. இயக்குநர் ஓடிப்போய் அவன் சட்டைக் காலரைச் சரிசெய்யத் தொடங்கினார்.

பொடிசு கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். பிறகு, "அப்ப நான் போகலாமா சார்?" என்று கேட்டாள்.

"போ," என்றார் அவர், திரும்பாமலே.

சொன்ன பிறகுதான் தாம் ஒரு மாணவியின் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டது அவருக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தார். அதற்குள் பொடிசு பட்டறைப் படி ஏறிக்கொண்டிருந்தாள். அம்மாவின் வண்டிக்கு இன்னும் மூன்று சக்கரங்கள் பாக்கி இருந்தன.